குடமுழுக்குக் குழு 🙏

பெரியப்பா: கோயில் வெப்சைட்டில் அழைப்பிதழ் படம் ஏறவில்லை. 'பெர்மிஷன் டினைடு' என்று வருகிறது. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

திருவாரூர் சித்தப்பா: என் பெயரை விட்டுவிட்டு அச்சடித்தீர்களே அண்ணே, அதற்கு யாரிடம் வாங்கினீர்கள்?

மன்னார்குடி அத்தை: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

ஓசூர் மாப்பிள்ளை: மாமா, சர்வர் மாற்றியதில் ஃபைல் எல்லாம் ரூட், அதாவது சர்வரின் தலைமைக் கணக்கு, பெயருக்குப் போய்விட்டது. உபுண்டு சர்வரில் வெப்சைட்டை நடத்தும் அப்பாச்சி மென்பொருள் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற தனி யூசராக. படம் சர்வர் வரை வருகிறது. ஸ்கிரிப்டால் அதை அப்லோட்ஸ் ஃபோல்டரில் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சின்னவன்: ஃபோல்டர் அனுமதிக்கு 777 போட்டேன் அத்தான். ஏறிவிட்டது 😎

ஓசூர் மாப்பிள்ளை: முதலில் அதை எடு! அந்த சர்வரில் கணக்கு உள்ள எவனும் அதில் எழுதலாம், அழிக்கலாம். படிக்க 4, எழுத 2, இயக்க 1; மூன்றும் கூடினால் 7. முதல் எண் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்றவர்களுக்கு. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. ஃபோல்டருக்கும் 644 போட்டுவிடாதே, அந்த 1 இல்லாமல் உள்ளேயே போக முடியாது.

மன்னார்குடி அத்தை: தலைக்கட்டுக்கு 500 என்றுதானே பேச்சு? 755 ஆக்கியது யார்?

சின்னவன்: 😂😂

பெரியப்பா: மாப்பிள்ளை, ஒன்றும் புரியவில்லை.

ஓசூர் மாப்பிள்ளை: பட்டா ஒருவர் பெயரில், உழுகிறவர் வேறு ஆள் மாமா. சிஎச்ஓன் என்ற உரிமையாளரை மாற்றும் கட்டளை போட்டு அப்லோட்ஸை மட்டும் உழுகிறவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற ஸ்கிரிப்ட் எதையும் அவர் பெயருக்கு மாற்றக்கூடாது.

திருவாரூர் சித்தப்பா: எழுதிக் கொடுத்து ஏமாந்தது போதாதா? வாய்க்கால் ஓரத்து ஆறு மா என்ன ஆயிற்று?

மன்னார்குடி அத்தை: தம்பி, வேண்டாம்.

பெரியப்பா: கல்லணை திறந்துவிட்டார்களாமே?

திருவாரூர் சித்தப்பா: திறந்து என்ன? நம் வாய்க்கால் தூர் வாரவே இல்லை. நாற்று காய்கிறது.

சின்னவன்: 777 எடுத்து 755 ஆக்கி, சிஎச்ஓனும் போட்டாயிற்று. புதுப் படம் ஏறுகிறது. பழைய திருப்பணிப் படங்களுக்கு மட்டும் 403, பார்க்க அனுமதி இல்லை என்று வருகிறது.

ஓசூர் மாப்பிள்ளை: எல்எஸ் -எல் போட்டு உரிமையாளரையும் அனுமதியையும் பார். 600 ஆக இருக்கும்.

சின்னவன்: ஆமாம். ரூட், 600.

ஓசூர் மாப்பிள்ளை: 644 ஆக்கு. இனி எது வந்தாலும் முதலில் எர்ரர் லாகைப் பார். எண்ணை மாற்றுவது அப்புறம்.

சின்னவன்: வந்துவிட்டது 👍

திருவாரூர் சித்தப்பா: யாகசாலைப் பந்தல் படத்தில் நிற்பது யார்? கணக்கு கேட்டபோது காணோமே இவரை.

மன்னார்குடி அத்தை: வரி 500ஆ, 755ஆ? சொன்னால் ஜிபேயில் போடுகிறேன்.

பெரியப்பா: ஞாயிறு பேசிக்கொள்ளலாம்.