54 லிட்டர் என்றால் 54 லிட்டர்தானா?

ரங்கூன்வாசி:
நேற்று ஒருவர் புதிதாக மீன் வளர்க்க வருபவர்களுக்குப் புத்தி சொல்லியிருந்தார். "தொட்டி வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று மட்டும் கேளுங்கள், நீள அகலம் எல்லாம் வீட்டில் இடம் பார்க்கத்தான், மீனுக்கு இல்லை" என்று. அதற்கு நாலு பேர் நன்றி வேறு. 30 செ.மீ. நீளம், 30 அகலம், 60 உயரம் என்றால் 54 லிட்டர். 60 நீளம், 30 அகலம், 30 உயரம் என்றாலும் அதே 54 லிட்டர். இரண்டும் மீனுக்கு ஒன்றுதான் என்று சொல்பவர் முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வரட்டும். காற்றுப்படும் நீர்ப்பரப்பு முதலாவதில் 900 சதுர செ.மீ., இரண்டாவதில் 1800. ஆக்சிஜன் உள்ளே வருவது அந்தப் பரப்பு வழியாகத்தான். இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப் நின்றுபோனால் எந்தத் தொட்டி மீன் முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும் என்று அவரே சொல்லட்டும்.

பெகுத்தம்பி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணே, கோபித்துக்கொள்ள மாட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தொட்டி எத்தனை நீளம் என்று விசாரித்துவிட்டுக் கரைவதில்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதன் வீரியம் குறையும். சித்திரை வெயிலுக்கும் அதே கணக்கு. தண்ணீர் குறைவாக இருந்தால் மதியத்துக்குள் கொதித்துவிடும். 54 லிட்டர் என்றால் 54 லிட்டர்தான்.

ரங்கூன்வாசி:
நான் கேட்டது அம்மோனியா இல்லை, நீர்ப்பரப்பு. சரி, நம் பர்மா மீனையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் கேலக்ஸி ரஸ்போரா என்று உலகமே துள்ளிக் குதித்ததே, ஷான் மாநிலத்து ஹோபோங் பக்கத்துக் குட்டையில் கிடைத்த மீன். அந்தக் குட்டைகளில் ஆழம் ஒரு முழம்கூடத் தேறாது, செடி மட்டும் அடர்ந்து கிடக்கும். மீனின் நீளம் இரண்டு செ.மீ. சொச்சம். அதைக் கொண்டுபோய் 60 செ.மீ. ஆழத்தில் இறக்கிவிட்டு 54 லிட்டர் கொடுத்தேனே என்று பெருமைப்படுகிறார் தம்பி. ஆண்கள் ஒன்றையொன்று விரட்டும்போது ஒதுங்கிக்கொள்ளப் பக்கவாட்டில் இடம் எங்கே? மேலே இருக்கும் தண்ணீரை வைத்து அது என்ன செய்யும்?

மோல்மேன்காரன்:
அது இன்லே ஏரி மீன் இல்லையா? கடையில் இன்லே என்றுதான் சொல்லி விற்கிறார்கள்.

ரங்கூன்வாசி:
கடையில் ஆயிரம் சொல்வார்கள். முதலில் கிடைத்தது ஹோபோங் பக்கம், இன்லேக்குக் கிழக்கே. இன்லே மீன் என்று சொல்ல வேண்டுமானால் செந்தலை சாவ்ப்வாவையும் எரித்ரோமைக்ரானையும் சொல்லுங்கள். இரண்டையும் 1918-லேயே விலங்கியலாளர் அன்னண்டேல் விவரித்து வைத்துவிட்டார். விஷயத்தைத் திருப்பாதீர்கள்.

மோல்மேன்காரன்:
ஒரு கேள்வி கேட்டால் விஷயத்தைத் திருப்புவதாகிவிடுமா ஐயா? போன மாதமும் என்னிடம் இப்படித்தான் எரிந்து விழுந்தீர்கள்.

தொட்டிக்காரி:
நான் ஏஞ்சல் மீன் வைத்திருக்கிறேன். அதன் மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் விரிந்து நிற்க உயரம் வேண்டும், 30 செ.மீ. உயரத்தில் வளர்ந்த ஏஞ்சலை வைத்தால் பாவம். அப்போது நீர்ப்பரப்பு நீர்ப்பரப்பு என்று நீங்கள் ஓதுவதெல்லாம் என்னாவது?

ரங்கூன்வாசி:
அக்கா, உயரமும் அளவுதானே? லிட்டரைச் சொல்லியா ஏஞ்சலுக்குத் தொட்டி வாங்கினீர்கள்? உயரத்தைப் பார்த்துத்தானே? தனக்கே தெரியாமல் எனக்காகப் பேசுகிறார்.

தொட்டிக்காரி:
எனக்கு என்ன தெரியும், தெரியாது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நான் யாருக்காகவும் பேசவில்லை.

பெகுத்தம்பி:
அக்கா தொட்டி உயரமானது. அதில் மீன் உயிரோடுதான் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஒரு கேலனுக்கு ஒரு அங்குல மீன் என்று அமெரிக்காக்காரனே கணக்கு வைத்திருக்கிறான், அதில் நீளமும் இல்லை, அகலமும் இல்லை.

ரங்கூன்வாசி:
எந்த கேலன்? அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், வெள்ளைக்காரன் இங்கே விட்டுவிட்டுப் போன கேலன் 4.546 லிட்டர். எதுவாக இருந்தாலும் அந்தக் கணக்குப்படி பத்து அங்குல ஆஸ்கர் மீனைப் பத்து கேலனில் வைக்கலாம். நீங்கள் வைப்பீர்களா? அரோவானாவுக்கு வாருங்கள். 240 நீளம், 45 அகலம், 50 உயரம் என்றால் 540 லிட்டர். 180, 60, 50 என்றாலும் 540தான். 60 செ.மீ. தாண்டி வளரும் மீன் 45 அகலத்தில் எப்படித் திரும்பும்? திரும்பும்போதெல்லாம் உடம்பை மடக்கிக் கண்ணாடியில் உரசிக்கொண்டுதான் திரும்பும். உங்கள் லிட்டர் அதற்கு வழி விடுமா?

மோல்மேன்காரன்:
அரோவானா என்றதும் சொல்கிறேன், தெற்கே தனிந்தாரி பக்கத்து அரோவானாவைத் தனி இனம் என்று 2012-இல் அறிவித்தார்களே, செதில் எல்லாம் சிக்குக்கோலம் போட்டது மாதிரி இருக்கும். அதைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். இந்த 54 லிட்டரையே எத்தனை நேரம் படிப்பது?

பெகுத்தம்பி:
அரோவானாவை யார் கேட்டது? பேச்சு 54 லிட்டர். சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். 5 மி.மீ. கண்ணாடி, வெளி அளவுதான் 60, 30, 30. மேலே 3 செ.மீ. காலியாக விட்டு நிரப்பினால் உங்கள் தொட்டியில் 45 லிட்டர்தான் நிற்கும். அதே கண்ணாடி, அதே 3 செ.மீ. விட்டால் என் உயரத் தொட்டியில் 47.5. மணல் போட்டால் இன்னும் மோசம், உங்கள் தொட்டிக்குத் தரை பெரிது, மணலே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்போது யார் தொட்டி பெரியது? கால்குலேட்டரை எடுங்கள்.

ரங்கூன்வாசி:
எடுத்தேன், கணக்கு சரி. அந்த 47.5ஐ எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கித்தானே? அளவே வேண்டாம் என்று சொன்ன வாய் இப்போது மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கியிருக்கிறது. நீர்ப்பரப்பு 900தான் அப்பனே. கண்ணாடியைக் கழித்தால் 841. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மணல் பாதி இடத்தை அடைக்குமாம், மீனுக்குத் தொட்டியா, கட்டடம் எழுப்பவா?

பெகுத்தம்பி:
841 இருந்தால் என்ன? மீனைக் குறைத்துவிட்டால் போதும். பீட்டாவும் குராமியும் மேலே வந்து காற்றையே குடிக்கும், அவற்றுக்கு உங்கள் பரப்பு எதற்கு?

தொட்டிக்காரி:
தம்பி, நேற்று புதியவர்களுக்கு எழுதியதில் பீட்டா என்று எங்கும் இல்லையே. எல்லா மீனுக்கும் என்றுதானே எழுதினீர்கள்?

பெகுத்தம்பி:
அக்கா, நீங்களுமா? நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ரங்கூன்வாசி:
அக்கா எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும். பம்ப் நின்றபோது ராத்திரியோடு ராத்திரியாக யார் யாருக்கு ஃபோன் செய்து பேட்டரி பம்ப் கேட்டார்கள் என்று நான் இங்கே சொல்லவா?

பெகுத்தம்பி:
தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே என்னிடமிருந்து வாங்கிப்போன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இன்றுவரை திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 54 லிட்டர் என்றால் 54 லிட்டர்தான்.

ரங்கூன்வாசி:
அது கிழிந்த ஃபில்டர். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு அளவு நாடாவும் எடுத்து வாருங்கள்.