அரிசி மாவு கேக் ஓரத்தில் புட்டு, நடுவில் களி. எங்கே தப்பு?

பாளைக்காரி:
ஓடிஜி (கேக் சுடுகிற சின்ன மின் அடுப்பு) வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, பேக்கிங்கில் நான் கைக்குழந்தை. மதினி மகளுக்கு சீலியாக் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கோதுமை துளியும் ஆகாது, பாலும் முட்டையும் வேறு ஒத்துக்கொள்வதில்லை. திருநெல்வேலியில் பிறந்து அல்வா சாப்பிட முடியாத பிள்ளை, அதுவும் கோதுமைப் பாலில் கிண்டுவதுதானே. பிறந்த நாளுக்கு நானே கேக் செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

தெரிந்த மைதா கேக் அளவையே எடுத்துக்கொண்டேன். ஒன்றரை கப் அரிசி மாவு (பக்கத்து மில்லில் அரைத்தது), தயிருக்குப் பதில் ஒரு கப் தேங்காய்ப் பால், முக்கால் கப் கருப்பட்டிப் பாகு, கால் கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. 200 டிகிரி, 35 நிமிடம். மேலே வற்றின குளம் மாதிரி வெடித்துவிட்டது, சூட்டோடு கத்தி வைத்தால் ஓரம் உதிர்கிறது, நடுவில் களி, கடித்தால் சோப்பு வாடை. ஞாயிற்றுக்கிழமை பிறந்த நாள். யாராவது காப்பாற்றுங்கள்.

டவுன்_தம்பி:
அக்கா, பாதி ரவை சேர்த்துப் பாருங்க, உதிராது.

தாமிரபரணி:
தம்பி, ரவையே கோதுமைதான்! சேமியாவும் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதாதான். அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் கொடுக்கக் கூடாது.

பாளைக்காரி, முதலில் அந்த மில் மாவை ஒதுக்கிவையுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அதன் மிச்சம் உங்கள் மாவிலும் வந்திருக்கும். பச்சரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், சப்பாத்தி மாவு சலிக்கிற சல்லடை வேண்டாம், புதுசு வாங்குங்கள். கடையில் வாங்கினால் 'குளூட்டன் ஃப்ரீ' (குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கிற பசைப் புரதம்) என்று அச்சடித்த பாக்கெட்டாகப் பாருங்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. கேக்குக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

சோப்பு வாடை சோடாவால் வந்தது. தயிரை எடுத்தபோது அதோடு புளிப்பும் போய்விட்டது, புளிப்பு இல்லாமல் சோடா சரியாகப் பொங்காது, மாவிலேயே தங்கிவிடும். அரை டீஸ்பூன் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும், அதையும் கடைசியில், அடுப்புக்குள் வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால். கலந்த உடனே பொங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் போனில் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. சூடு 175 டிகிரி, 45 நிமிடம். 200 வைத்தால் மேலே ஓடு கட்டி உள்ளே வேகாது.

ஆச்சி_வீட்டுப்_பிள்ளை:
உதிர்வதற்கு நான் சொல்கிறேன். மைதாவில் இருக்கிற பசை அரிசி மாவில் இல்லை. இடியாப்பத்துக்கு ஏன் வெந்நீர் ஊற்றிப் பிசைகிறோம்? மாவு பாதி வெந்து பசை விடுவதற்குத்தான். அதே வேலையை இங்கேயும் செய்யுங்கள். தேங்காய்ப் பாலில் கொஞ்சம் எடுத்து இரண்டு டேபிள்ஸ்பூன் மாவைக் கரைத்து, சிறு தீயில் கொழுக்கட்டை மாவு கிண்டுகிற மாதிரி கிண்டி, கரண்டியில் ஒட்டுகிற கூழ் ஆனதும் ஆறவிட்டு மற்றதோடு சேருங்கள். ஆளி விதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூனை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொழகொழ என்று வரும், ஒரு முட்டைக்குப் பதில் அது. கிடைக்காவிட்டால் மெடிக்கலில் இசப்கோல் கேளுங்கள், இனிப்பும் வாசனையும் சேர்க்காததாக, ஒரு டீஸ்பூன். சோடா போடும் முன் மாவை அரை மணி நேரம் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் நறநறக்கும். கருப்பட்டிப் பாகை வடிகட்டினீர்களா? அடியில் மணல் இருக்கும்.

முக்கியமாக, சூட்டோடு வெட்டாதீர்கள். மைதா கேக்குக்கு அவசரம் செல்லும், இதற்குச் செல்லாது, இரண்டு மணி நேரமாவது ஆறட்டும்.

பாளைக்காரி:
நேற்று ராத்திரி மறுபடி செய்தேன். நடுவில் லேசாகக் குழி, ஆனால் துண்டு துண்டாக வெட்ட வந்தது! சோப்பு வாடை போய்விட்டது, கருப்பட்டி வாசம் மட்டும். அத்தான் ஒரு துண்டை எடுத்துவிட்டு "பணியாரம் மாதிரி இருக்கே" என்றார், பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். என் ஓடிஜியில் மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் போட்டிருந்தேன். நடுவில் குழி விழுந்தது அதனாலா, இல்லை முப்பதாவது நிமிடம் நான் கதவைத் திறந்து பார்த்ததாலா?

தாமிரபரணி:
கதவுதான்.