இணைய வீடியோ போக்கர்: தம்பிக்காக உதவி தேவை

வணக்கம். பட்டர்வொர்த்தில் என்னுடன் வசிக்கும் தம்பி, மூன்று மாதங்களாகக் கைப்பேசியில் வீடியோ போக்கர் (பணம் கட்டி, திரையில் வரும் ஐந்து சீட்டுகளை வைத்து ஆடும் சூதாட்டம்) ஆடி வருவதால், விவரம் அறிந்த அண்ணன்மார், அக்காமார் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, இன்னொரு மதிப்பில் இரண்டு) கட்டியதைப்போல் 9 மடங்கு, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே சின்னம்) 6 மடங்கு என்று தரும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்ற வகை ஆட்டத்தைப் பிழையின்றி ஆடினால், நாளடைவில் போட்ட பணத்தில் 99.54 விழுக்காடு திரும்பும் என்பது அவன் வாதம். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நேற்றிரவு அருகில் அமர்ந்து பார்த்தபோது, அவன் ஆடும் தளத்தின் பட்டியலில் 6, 5 என்றே இருந்தது. அதில் திரும்புவது ஏறத்தாழ 95 விழுக்காடுதான். மிகப் பெரிய பரிசு தரும் ராயல் ஃபிளஷ் சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறையே வரும் என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே அடுத்த ஐந்து சீட்டுகளைத் திறந்தான்.

உரிமம் இல்லாத தளத்தில் சீட்டுகள் நேர்மையாகக் கலைக்கப்படுகின்றனவா என்று ஆடுபவர் சரிபார்க்க வழியுண்டா? அவன் வென்ற 800 ரிங்கிட் இன்னும் வந்தபாடில்லை. 1953ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டங்கள் நடப்பிலுள்ள நம் நாட்டில், அவனே சிக்கலில் மாட்டாமல் யாரிடம் முறையிடலாம்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, பினாங்கில் தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் எவரையேனும் அறிந்தால் தெரிவியுங்கள். பிறையில் நான் இரவு வேலை பார்ப்பதால், அவனைக் காலை நேரத்தில்தான் அழைத்துவர முடியும்.