1947 சுதந்திர விழாவை அரசாங்கமே படம் எடுத்ததா?

மாட்டுங்காவாசி:
ஆகஸ்ட் 15க்கு எங்கள் சங்கத்தில் பழைய ஃபிலிம் துண்டுகளைச் சேர்த்துப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறோம். யூடியூபில் கிடைப்பதில் பெரும்பாலும் வெளிநாட்டு நியூஸ்ரீல் (தியேட்டரில் ஓட்டும் செய்திப்படம்) கம்பெனிகளின் முத்திரைதான். அரசாங்கத்தின் செய்திப்பட, ஆவணப்பட அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன் இங்கே மும்பை பெடர் ரோட்டிலேயே இருக்கிறதே, அவர்கள் எடுத்த ஒரிஜினல் கிடைக்காதா? முக்கியமாக 15ஆம் தேதி நேரு செங்கோட்டையில் கொடி ஏற்றுவது வேண்டும்.

பழையரீல்:
ஃபிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பித்ததே 1948ல்தான் சார். அதற்கு முன்னால் இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒன்று இருந்தது, உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் பிரசாரத்துக்காக நடத்தியது, தியேட்டர்காரர்கள் அந்தப் படங்களைக் கட்டாயம் ஓட்டியாக வேண்டும். நம் தலைவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 1946ல் மத்திய சட்டசபையில் பணத்தை வெட்டி இழுத்து மூடிவிட்டார்கள். மூடியது நியாயம்தான், ஆனால் அடுத்த வருஷமே நாடு பிறக்கிறது, அரசாங்கத்திடம் சொந்தமாக ஒரு படப்பிடிப்பு யூனிட் இல்லை! தனியார் ஆட்களும் பாதே, மூவிடோன் மாதிரி வெளிநாட்டு நியூஸ்ரீல் கம்பெனிகளும் எடுத்ததுதான் இன்று நாம் பார்ப்பது.

கரோல்பாக்தமிழன்:
தேதியையும் பாருங்கள், செங்கோட்டைக் கொடியேற்றம் 16ஆம் தேதி. 15 சாயங்காலம் நடந்தது டெல்லி இந்தியா கேட் பக்கம், பிரின்சஸ் பார்க்கில். கூட்டம் முண்டியடித்ததில் போட்ட திட்டமெல்லாம் போச்சு, மவுண்ட்பேட்டனால் கோச்சு வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லை, வண்டியில் நின்றபடியே சல்யூட் அடித்தார். அவர் மகள் பமீலா ஜனங்களின் தோள்மேல் நடந்துதான் மேடைக்குப் போனாராம். கொடி ஏறும்போது வானவில் வந்ததாகவும் சொல்வார்கள், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதை எங்கே தேடுவது.

மாட்டுங்காவாசி:
அப்போ "15 ஆகஸ்ட், செங்கோட்டை" என்று ஓடுகிற வீடியோவெல்லாம்?

கரோல்பாக்தமிழன்:
தலைப்பை நம்பாதீர்கள், பின்னணியைப் பாருங்கள். கோட்டைச் சுவர் தெரிந்தால் அது 16ஆம் தேதியாக இருக்கும், அல்லது அதற்கப்புறம் ஏதோ ஒரு வருஷத்து விழாவாக இருக்கும். இந்தியா கேட் வளைவு தெரிந்தால் பிரின்சஸ் பார்க்காக இருக்கலாம்.

பழையரீல்:
அரசாங்க யூனிட் எடுத்ததுதான் வேண்டுமென்றால் 1950 ஜனவரி 26ஐக் கேளுங்கள், டெல்லி இர்வின் ஸ்டேடியத்தில் முதல் குடியரசு தின அணிவகுப்பு, இந்தோனேசிய அதிபர் சுகர்னோ விருந்தினர். அப்புறம் 1948 பிப்ரவரி 28, கடைசி பிரிட்டிஷ் படை நம் கேட்வே ஆஃப் இந்தியா வழியாகக் கப்பலேறியது, அதற்கும் நியூஸ்ரீல் உண்டு. மும்பையில் போடுகிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். இப்போது ஃபிலிம்ஸ் டிவிஷன் என்எஃப்டிசியோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சேர்ந்துவிட்டது, கடிதத்தை அவர்கள் பெயருக்கே போடுங்கள்.