அக்கா பையனுக்கு ஒன்பது வயது, யாரிடம் காட்டுவது?

வணக்கம். என் அக்கா மகன் மூன்று வயதிலிருந்தே கடிப்பான், அடிப்பான், "வளர்ந்தா சரியாகிடும்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். போன வாரம் பூனைக்குட்டியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். நான் கத்தியதும் கையை எடுத்தான், ஆனால் முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். அங்கே ஆய்வு செய்த டெரி மாஃபிட் 1993இல் எழுதியதைப் படித்தேன்: பதின்வயதில் மட்டும் தடம் மாறுபவர்கள்தான் அதிகம், அவர்கள் பெரும்பாலும் திரும்பிவிடுவார்கள், சின்ன வயதிலேயே தொடங்கிப் பெரியவரான பின்னும் தொடர்பவர்கள் கொஞ்சம் பேர். வயிற்றைக் கலக்கிவிட்டது. சரி, இப்படி இருந்த எல்லாக் குழந்தைகளும் அப்படி ஆவதில்லை, 18 வயதுக்கு முன் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று டாக்டர்கள் முத்திரை குத்துவதும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தான் பெல்ட்டை எடுக்கிறார். அடி வாங்கிய அன்றைக்கு இவன் தம்பியை அடிக்கிறான், இதை எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை. பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கே பயிற்சி கொடுக்கும் முறை பலன் தரும் என்கிறார்கள். மதுரைப் பக்கம் அதைச் செய்யும் குழந்தை மனநல மருத்துவர் யாராவது தெரியுமா? அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் குழந்தைக்காகப் பேசியவர்கள் இருந்தால் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், அத்தானை எப்படிக் கூட்டிப் போவது?