என்-400 படிவத்தில் வேலையில்லாத மாதங்களை எப்படிக் காட்டுவது?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமைக்காக என்-400 படிவத்தை நிரப்பி வருகிறேன். கடந்த 5 ஆண்டுகளில் 3 வீடுகள் மாறியிருக்கிறேன். இடையே 4 மாதங்கள் வேலையில்லை. அந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் விடலாமா? பழைய வீடுகளுக்குக் குடிபோன தேதிகளும் தெளிவாக நினைவில்லை.

மறுமொழி: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 5 ஆண்டுகளும் இடைவெளியின்றி வர வேண்டும் என்பதால், அந்த மாதங்களையும் தொடக்க, முடிவுத் தேதிகளுடன் ‘அன்எம்ப்ளாய்டு’ என்று தனியே எழுதுங்கள். வேலையில்லாமல் இருந்தது மட்டுமே தகுதியைக் கெடுக்காது. மறைத்ததாகத் தோன்றினால்தான் நேர்காணலில் சிக்கல் வரும். தேதிகளுக்கு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, டபிள்யூ-2 படிவம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள, வரி விவரம்) ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். என் நினைவு ஒரு மாதம் பிசகியிருந்ததை வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

மற்றொரு மறுமொழி: வெளிநாட்டுப் பயணத் தேதிகளையும் இவற்றோடு பொருத்திப் பாருங்கள். ஒரே பயணம் 6 மாதங்களைத் தாண்டியிருந்தால், தொடர் வசிப்பு (குடியுரிமைக்குத் தேவையான, அமெரிக்காவில் தொடர்ச்சியாக வசித்த காலம்) முறிந்ததாகக் கருதப்படக்கூடும். அப்போது அமெரிக்காவில் வீட்டையும் வேலையையும் தக்கவைத்திருந்ததற்கான சான்றுகள் மிகவும் உதவும்.

கேட்டவர்: மிக்க நன்றி. என் பயணங்கள் அனைத்தும் 5 வாரங்களுக்கு உட்பட்டவையே. வாடகை ஒப்பந்தங்களை இன்றே தேடி எடுக்கிறேன்.