கிராஞ்சி ஆற்றங்கரைக் குடியிருப்புகள் ஏன் மறைந்தன?

கேள்வி: சாலைகள் இல்லாத 1800களில், சிங்கப்பூரின் வடமேற்கே ஆற்றுவழியாகச் சென்று காட்டை அழித்துத் தோட்டமிட்ட சீனக் குடியேறிகளின் ஊர்கள் பின்னர் எப்படி வெறிச்சோடின என்பதை யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1: காம்பியர் பயிர்தான் அவ்வூர்களை ஆக்கியது, அழித்ததும் அதுவே. தோல் பதனிடத் தேவைப்பட்ட சாற்றுக்காக அப்பயிரின் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சியபோது அருகிலிருந்த காடெல்லாம் விறகாயிற்று. காய்ச்சி எடுத்த சக்கையை மிளகுக் கொடிகளுக்கு உரமாக இட்டார்கள் (கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்). ஆனால், காம்பியருக்கு எருவிடாததால், ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் மண் சோர்ந்துவிடவே, தோட்டக்காரர்கள் புதுக் காடு தேடிப் பெயர்ந்தனர்.

மறுமொழி 2: ஐயா சொல்வது சரியே. அவர்களுள் பலர் நீரிணையைக் கடந்து மலாயாத் தீபகற்பத்திலுள்ள ஜொகூருக்குச் சென்றனர். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர் என வைத்து அவரிடம் நிலத்தை ஒப்படைக்கும் முறை அங்கே 1917 வரை நீடித்தது.

மறுமொழி 3: மண்ணை மட்டும் குறைகூறுவது போதாதென்பேன். ரப்பரும் கோழி, பன்றிப் பண்ணைகளும் அவ்வட்டாரத்தில் மீண்டும் குடிகளைச் சேர்த்தன. 1970களில் கிராஞ்சிக் கழிமுகம் அணையிடப்பட்டு நீர்த்தேக்கமான பின், நீர்ப்பிடிப்புப் பகுதியின் தூய்மை கருதிப் பன்றி வளர்ப்பு நிறுத்தப்பட, அருகிலுள்ள லிம் சூ காங் வட்டாரத்துக் கம்பத்து (சிற்றூர்) மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.